நாளையிலிருந்து நிறுத்திடுங்க

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து முழுதாக ஒரு மாதம் ஆகவில்லை, எட்டாம் வகுப்பின் விளையாட்டுப் பிரிவேளையைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொண்டார். தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். "கணக்கு இல்லீன்னா பாஸாக முடியாதுங்க மேடம். கோகோ இல்லீன்னா ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். அந்த ஆளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கணக்கு அதற்கு என்ன செய்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் யமுனாராணி வீட்டுக்கு வந்தாள். என்னிடம் கோகோ ஆடிய பெண். இப்போது பார்மஸி காலேஜில் பாடம் எடுக்கிறாள். அவளுக்கு என்னிடம் ஒரு வேலை ஆக வேண்டுமாம்.

"வலிக்குன்னு ட்ரமடால் மாதிரி மாத்திரைய ஆரம்பிச்சுட்டு, விட முடியாமத் தவிக்கறவீங்க நெறைய டீச்சர். அவீங்க மெல்ல மெல்லக் குறைக்கறதுக்கு ஒத்தாசை பண்ண எங்க பசங்களப் பழக்கோணும். புஸ்தகத்துல எல்லாம் படிச்சுட்டாங்க. ஒரு மனுசங்க முன்னாடி உக்காந்து பேசத்தான் தெரியல."

"அதுக்கு நான் என்ன பண்ணோணும்?"

"நீங்க நோயாளியா நடிக்கோணும். எங்க ஸ்டாஃப் நடிச்சா பசங்க சிரிச்சுடறாங்க. உங்க முன்னாடி யாரு சிரிப்பாங்க?"

அது உண்மைதான். ஒப்புக்கொண்டேன். எனக்கும் டிஸ்க் விலகி மூன்று வருடமாக அந்த மாத்திரை உண்டு. ஆனால் என்னுடையது வலிக்கு. தேவைப்படும்போது மட்டும். இதை யமுனாவிடம் சொல்ல அவசியமில்லை.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நடிக்கோணுமா?" என்று கேட்டுவிட்டு செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். உரக்கடை வைத்திருக்கிறவருக்கு நடிப்பைப் பற்றி என்ன தெரியும்.

ஜூன் 21, சனி

காலேஜுக்குப் போனேன். மூன்று அறைகள், மூன்று நாற்காலிகள், அறுபது பிள்ளைகள், அத்தனை பேருக்கும் சேர்த்து யமுனா ஒருத்தி. ஒரு அறையில் கேள்வி கேட்டால் இன்னொரு அறைக்கு ஓடுகிறாள். இதற்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறார்கள்.

என் வேஷம்: ஐம்பது வயதுப் பெண், முதுகுவலி, தினமும் மாத்திரை. எத்தனை என்று கேட்டால் முதலில் குறைத்துச் சொல்ல வேண்டும். மாணவர்கள் பக்குவமாகப் பேசி உண்மையை வாங்க வேண்டும். யமுனா எழுதிக் கொடுத்த அந்தப் பெண் எனக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்கிறவள்.

முதலில் வந்தவன் கவின்ராஜ். கடைசி செமஸ்டர். தலை குனிந்து தாளைப் பார்த்தே கேள்வி கேட்டான். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை எடுக்கறீங்க?"

"ரெண்டு."

"எவ்வளவு வருஷமா?"

"மூணு."

"மேடம், நீங்க இதுக்கு அடிக்ட் ஆயிட்டீங்க. நாளையிலிருந்து நிறுத்திடுங்க. வில் பவர் இருந்தாப் போதும்."

அவ்வளவுதான். தாளில் டிக் அடித்துவிட்டு எழுந்தான். யமுனா அடுத்த அறையில் இருந்தாள். அவள் காதில் விழுந்திருக்காது.

எனக்கா வில் பவர் இல்லை? மாநில அளவில் எண்ணூறு மீட்டர் ஓடியவள் நான். காலில் முள் ஏறியிருந்தும் ஓடி முடித்தவள். மீசை சரியாக முளைக்காத பையன் எனக்கு வில் பவர் சொல்லித் தருகிறான். வண்டியில் வரும் வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். சிக்னலில் ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

கைப்பையில் இருந்தது, பீரோவில் இருந்தது, அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது, எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியில் இருப்பது நாளைக்கு.

ஜூன் 23, திங்கள்

கொட்டாவி கொட்டாவியாக வருகிறது. பிரேயரில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்தால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? மூக்கும் கண்ணும் ஒழுகுகிறது. ஆனிக் காற்று புழுதியை வாரி அடித்தால் இப்படித்தான் ஆகும். மைதானத்தில் நாலு மரம் நடச் சொல்லி எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 24

வயிற்றுப்போக்கு. சத்துணவுத் தக்காளி சாதம். வேறு எதுவாக இருக்கும்?

ஜூன் 25

விடுப்பு. கால்கள் தாமாக உதறுகின்றன. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. தலையைத் திருப்பினால் உள்ளே கரன்ட் அடிக்கிறது. வேர்க்கிறது, உடனே குளிர்கிறது. இவர் ரசம் வைத்துக் கொடுத்தார். உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அவர் தரையைத் துடைத்தார். அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் கோபம் வந்தது.

"மாத்திரைய விட்டுட்டியா கோகிலா?" என்று கேட்டார்.

"எனக்கு வைரல் காய்ச்சல்" என்றேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

காலையில் மயில்சாமியின் மெடிக்கல் கடைக்குப் போனேன். முதுகுவலி தாங்கவில்லை, ஒரே ஒரு அட்டை வாங்கலாம் என்றுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் எலும்பு டாக்டர் ஐந்து நாளைக்குத்தான் சீட்டு எழுதினார். அதற்கப்புறம் சீட்டு என்று ஒன்று இல்லை. மயில்சாமிதான் சீட்டு. "அக்கா, உங்களுதுங்" என்று நான் கேட்பதற்கு முன்பே காகிதத்தில் சுருட்டி நீட்டுவான். பில் கிடையாது. எம்.ஆர்.பி.க்கு மேலேயே வாங்கிக்கொள்வான். நானும் கேட்டதில்லை.

இன்றைக்குக் கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அதில் ஒருத்தி ஏழாம் வகுப்பு நிரஞ்சனாவின் அம்மா. அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மயில்சாமி சொன்னான்:

"சீட்டு இல்லாமத் தர முடியாதுங்கக்கா. அது போதை மருந்து. டிரக் இன்ஸ்பெக்டர் சுத்திக்கிட்டு இருக்காங்க. உங்களாட்டம் ஆளுங்களால எங்க லைசென்ஸே போயிரும்."

என்னாட்டம் ஆளுங்களால்! மூன்று வருடம் அதை விற்றுத்தான் அந்தக் கடைக்குக் கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் போட்டான். போன மாதம்வரை அது வலி மாத்திரை. இன்ஸ்பெக்டர் வந்ததும் போதை மருந்து. நேற்றுவரை நான் அக்கா, இன்றைக்கு என்னாட்டம் ஆளு. நிரஞ்சனாவின் அம்மா மகளுக்கு வாங்கிய இருமல் மருந்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மைதானத்தின் மறுகோடிவரை கேட்கும் இந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் காலேஜுக்குப் போனேன். எப்படி ஓட்டினேன் என்று ஞாபகம் இல்லை. யமுனா பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். டிராக் சூட், வேர்வை, ஒழுகுகிற மூக்கு.

"இதத்தான் சொல்லிக் குடுக்கறியா யமுனா? இதையா? நாளையிலிருந்து நிறுத்திடுங்கன்னு சொல்லீட்டு டிக் அடிக்கறதுக்கா?"

வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. மூன்றாவது பெஞ்சில் கவின்ராஜ்.

"அவந்தான். எந்திரிச்சு நிக்கறான் பாரு. அவன் சொன்னான், நான் நிறுத்துனேன். இப்ப என்னப் பாரு!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், நீங்க... நடிக்கறீங்கன்னு நெனச்சேனுங்க."

"நானும் அப்பிடித்தான்டா நெனச்சேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

யமுனா பிள்ளைகளை வெளியே அனுப்பினாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தானும் இன்னொன்றை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாடி பிடித்துப் பார்த்தாள்.

"டீச்சர், எத்தனை?"

"ரெண்டு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையையும் விடவில்லை.

"எட்டு" என்றேன். "சில நாள் அதுக்கும் மேல."

ஜூன் 28

யமுனாவும் இவரும் சேர்ந்து மாவட்ட அரசு மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். வலிக்கென்று தனிப் பிரிவு, டாக்டர் நஸ்ரின். சின்ன அறை. வெளியே பெஞ்சு கொள்ளாமல் தரையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் நஸ்ரின் திட்டவில்லை. இத்தனை நாள் எடுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வந்திருக்கலாம் என்றார். "நீங்க மனசு பலவீனமானவங்க இல்ல. உங்க உடம்பு அதுக்குப் பழகிப்போச்சு. பழகுன உடம்ப மெதுவாத்தான் திருப்ப முடியும்" என்றார். இப்போதைக்கு ஆறு. பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். முதுகுக்கு வேறு மருந்து, பயிற்சி.

இந்த நாலு வாக்கியத்தை மூன்று வருடத்தில் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த எலும்பு டாக்டர் சொல்லவில்லை. விற்ற மயில்சாமி சொல்லவில்லை. மாத்திரை அட்டையின் பின்னால் எறும்பு எழுத்தில் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

திரும்பும்போது காரில் இவரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா மாமா, எட்டுன்னு?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"பல நாள் நாந்தானே வாங்கியாந்தேன். வாங்கலீன்னா நீ அழுவ. அதுக்கு முன்னாடி நீ அழுது நான் பாத்ததே இல்ல கோகிலா, எனக்குப் பயமாயிருச்சு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

காலேஜ் தாளாளர் அந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டார். "போதைக் கேஸெல்லாம் கிளாஸுக்குள்ள வந்து கத்துனா அட்மிஷன் என்ன ஆகறது?" என்று யமுனாவைக் கேட்டாராம். அவளுக்கு மெமோவும் கொடுத்திருக்கிறார்.

நான் நேரில் போனேன். ஒரு மணி நேரம் காக்க வைத்தார். உள்ளே போனதும், "உங்க நிலைமை புரியுதும்மா. ஆனா எங்க பசங்க மருந்து தயாரிக்கறவங்க, விக்கறவங்க. குறைக்கச் சொல்றது அவங்க வேலை இல்லையே" என்றார்.

"விக்கறவன் வேலை இல்ல, எழுதறவன் வேலை இல்ல, படிக்கறவன் வேலையும் இல்ல. அப்ப யாரோட வேலைங்க?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க."

ஆமாம், பட்டேன். அவர் மேஜைக் கண்ணாடியில் அடித்த அடியில் எனக்குத்தான் கை வீங்கியது. தாளாளர் அசையவில்லை. பயிற்சி போனது போனதுதான்.

டாக்டர் நஸ்ரின் மட்டும், "சனிக்கிழமை என் ஓ.பி.க்கு அனுப்புங்க. நாற்காலி இல்ல, நின்னுக்கிட்டுத்தான் கத்துக்கணும்" என்று யமுனாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 12, சனி

அறுபது பேரில் நாலு பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு வருகைப்பதிவு கிடைக்காது என்று தெரிந்துவிட்டது.

நாலு பேரில் கவின்ராஜும் ஒருத்தன். என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றான்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம். மொதல்ல மூஞ்சியப் பாத்துப் பேசு."

பார்த்தான். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் வந்தது.

டாக்டர் என்னை அவனிடமே ஒப்படைத்தார். தினமும் ஒருமுறை அவன் போன் செய்ய வேண்டும். அளவை மாற்றுவது டாக்டர் மட்டும். அவன் கேட்க வேண்டும், கேட்டதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 24

போன் வருகிறது. "நேத்து தூக்கம் எப்பிடிங்க டீச்சர்? குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடிஞ்சுதுங்களா?" மாத்திரையைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கிறான். யமுனா சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போல.

ஐந்தாகக் குறைத்திருக்கிறார்கள். முதுகு வலிக்கிறது. எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். சுண்ணாம்புக் கோடு கோணலாகப் போட்ட பையனை மூன்று சுற்று ஓட விட்டேன். கோடு அவ்வளவு கோணல் இல்லை.

ஆகஸ்ட் 8

நிரஞ்சனாவை அவள் அம்மா கோகோ அணியிலிருந்து நிறுத்திவிட்டாள். காரணம் "படிப்பு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாதா என்ன காரணம் என்று.

ஆகஸ்ட் 14

நாளைக்குச் சுதந்திர தின அணிவகுப்பு. வெயிலில் நாலு மணி நேர ஒத்திகை. நின்று நின்று இடுப்புக்குக் கீழே தீப்பிடித்தது. மதியம் இரண்டு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். மறுபடி ஒன்று.

கவின் போன் செய்தான். "எல்லாம் சரியா இருக்குது" என்றேன். வைத்துவிட்டான். உடனே மறுபடி கூப்பிட்டான்.

"டீச்சர், நாளைக்குப் பரேடுன்னு சொல்லியிருந்தீங்க. இன்னைக்கு ஒத்திகையில ரொம்ப நேரம் நின்னிருப்பீங்களே. கஷ்டமா இருந்துதுங்களா?"

யார் கேட்டார்கள் இவனை? ஆனால் சொல்லிவிட்டேன். அவன் திட்டுவான், "வில் பவர்" என்பான் என்று காத்திருந்தேன். திட்டினால் போனை வைத்துவிட்டு மொத்தமாகத் தலைமுழுகிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"சொன்னதுக்கு நன்றிங்க டீச்சர்" என்றான். "இப்ப மயக்கமா இருக்குதுங்களா? மூச்சு நல்லா இழுக்க முடியுதுங்களா? வீட்ல ஐயாகிட்ட போனக் குடுங்க. இனிமே இன்னைக்கு வேற எதுவும் வேண்டாமுங்க, நான் டாக்டர்கிட்டப் பேசறேன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்தான். இந்த மாதம் குறைக்க வேண்டாமாம். "அஞ்சுலயே நிப்போமுங்க. நிக்கறது தோல்வி இல்லீங்கன்னு டாக்டர் சொல்லச் சொன்னாங்க."

இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு பையனுக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று? இதற்கா இடமில்லை, நேரமில்லை, அது எங்கள் வேலை இல்லை என்கிறார்கள்?

செப்டம்பர் 20, சனி

ஓ.பி.யில் கவினும் மற்ற மூன்று பேரும் இப்போது வாசலிலேயே நின்று வருகிறவர்களிடம் பேசுகிறார்கள். இன்றைக்கு விசைத்தறிக்காரர் ஒருவர், வயிற்றில் புற்றுநோய் வந்த மனைவியோடு வந்திருந்தார். மார்ஃபின் கொடுத்தால் மனைவி போதைக்கு அடிமையாகிவிடுவாள் என்று யாரோ சொன்னார்களாம். பயந்துபோய் மாத்திரையைக் கொடுக்காமலே வைத்திருந்திருக்கிறார். அந்த அம்மா வலியில் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கவின் அவர் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். "எல்லாருக்கும் குறைக்கறதில்லீங்க அண்ணா. அக்காவுக்கு இப்ப இது வேணும். நேரத்துக்குக் குடுங்க. பயமா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க" என்றான். அவர் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டான்.

ஜூன் மாதம் தாளில் டிக் அடித்தவன்.

அக்டோபர் 18

நாலு. தீபாவளிக்கு இவரோடு ஜவுளிக்கடைக்குப் போய் முழுசாகச் சுற்றி வந்தேன். வலித்தது. உட்கார ஸ்டூல் கேட்டேன். கேட்டால் கொடுக்கிறார்கள்.

நவம்பர் 22, சனி

டாக்டர் நஸ்ரின் தன் பிரிவுக்கு இப்படிப் பேசிப் பழகிய மருந்தாளுநர் ஒருவர் வேண்டும் என்று மேலே எழுதிக் கேட்டிருந்தார். பதில் வந்துவிட்டது. அப்படி ஒரு பணியிடமே இல்லையாம்.

கவினுக்குப் படிப்பு முடிகிறது. பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்த நாட்டிலோ யாருக்கோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வருகிற தகவலைக் கட்டத்தில் நிரப்புகிற வேலையாம். நோயாளியைப் பார்க்கவே வேண்டியதில்லை.

"போகாதேடா" என்று வாய்வரை வந்தது. அவன் அப்பா லாரி டிரைவர். எப்படிச் சொல்வது?

டிசம்பர் 7, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வழியனுப்பினோம். இவர் முறுக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். யமுனா ஒரு பேனா கொடுத்தாள். நான் ஒன்றும் கொண்டு போகவில்லை.

"இப்ப எத்தனைங்க டீச்சர்?"

"மூணு. போன வியாழக்கெழமை மட்டும் நாலு."

"சரிங்க" என்றான். "அடுத்த பேட்ச்ல சாருமதின்னு ஒரு பொண்ணு இனிமே உங்களைக் கூப்பிடுமுங்க. நல்லா கேக்கும்."

"காலேஜ் விடுமா?"

"விடாதுங்க. அவளும் வருகைப்பதிவு இல்லாமத்தான் வர்றா."

பஸ் கிளம்பியது. ஆறு மாதம் பாடுபட்டு ஒரு மனிதரிடம் கேட்கக் கற்றுக்கொண்ட பையனை, யாரிடமும் எதையும் கேட்க வேண்டாத வேலைக்கு அனுப்பி வைத்தோம். யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். எல்லாவற்றையும், துவைத்ததையும் சேர்த்து.

டிசம்பர் 8, திங்கள்

பள்ளிக்கு அரைநாள் விடுப்பு. கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். யமுனா வரவில்லை, மெமோ வாங்கியவள், வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இவர் வந்தார். புற்றுநோய் அம்மாவின் கணவரும் தறியை நிறுத்திவிட்டு வந்தார். அந்த அம்மா போன மாதம் இறந்துவிட்டாள். வலியில்லாமல் போனாள் என்று சொல்ல வந்ததாகச் சொன்னார்.

வரிசை நீளம். பட்டா, பென்ஷன், குடிநீர். எங்கள் முறை வந்தது. மனுவை வாங்கிய அதிகாரி படிக்காமலே கேட்டார். "என்னம்மா உங்க குறை?"

கூடம் நிறைய ஆட்கள். எனக்குப் பின்னால் என் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்கூட இருந்திருக்கலாம். திரும்பிப் பார்க்கவில்லை. மைதானத்தில் பேசுகிற குரலில் சொன்னேன்.

"என் பேரு கோகிலவாணி. பி.டி. டீச்சர். மூணு வருசமா வலி மாத்திரையில மாட்டிக்கிட்டிருந்தேன், ஒரு நாளைக்கு எட்டு. இன்னும் முழுசா வெளிய வரல. வந்த வரைக்கும் ஒரு பார்மஸி படிச்ச பையன் தெனமும் என்னக் கேட்டதாலதான் வந்தேன். அந்த மாதிரி ஒருத்தர் உக்கார்றதுக்கு நம்ம ஆஸ்பத்திரியில ஒரு வேலை வேணும். என்னாட்டம் ஆளுங்க இந்த ஜில்லாவுல நெறையப் பேரு இருக்கோம்."

அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு மனுவைப் படித்தார், முழுதாகப் படித்தார். சீல் வைத்து, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமையும் வருவேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

வராந்தாவில் ஒரு பெண் பின்னாலேயே வந்து என் முழங்கையைத் தொட்டாள். கையில் பென்ஷன் மனு. எனக்குத் தெரியாதவள்.

"நீங்க சொன்ன ஆஸ்பத்திரியில இதுக்கு எந்தக் கிழமை பாக்கறாங்க?" என்று மெல்லக் கேட்டாள். "என்ற தங்கச்சிக்கு" என்றாள்.

தங்கைக்கா என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை என்றேன். நானும் வருவேன் என்றேன்.